ஜோ ஹாரியட் ஆர்னெட் கோல்மனின் நகலா, முன்னோடியா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: "சக்தி குழுவைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது ஜோ ஹாரியட் என்ற பெயர் கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் வாழ்ந்த சாக்ஸபோன் கலைஞர். ஆர்னெட் கோல்மனைப் பார்த்து வாசித்தவர் என்று ஓரிடத்தில் போட்டிருக்கிறது, கோல்மனுக்கே முன்னோடி என்று இன்னோரிடத்தில். எது சரி? அவ்வளவு பெரிய ஆள் என்றால் 44 வயதில் ஏன் வறுமையில் இறந்தார்? கேட்பதென்றால் எதிலிருந்து தொடங்குவது?" சக்தி என்பது ஜாஸையும் இந்திய இசையையும் இணைத்த, கிதார் கலைஞர் ஜான் மெக்லாலினின் குழு. கோல்மன், ஃப்ரீ ஜாஸ் என்ற பாணிக்குப் பேர்போன அமெரிக்க ஆல்ட்டோ சாக்ஸபோன்காரர். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் முதல் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. அவர் என்ன செய்தார் என்பது சரியாகப் புரிந்தால், அது ஏன் நிலைக்கவில்லை என்பதும் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிக்கிறேன், சொல்லியும் தருகிறேன். ஹாரியட்டை நேரில் கேட்ட தலைமுறையும் இல்லை. எனக்கு அவர் இசைத்தட்டுகள் வழியாக வந்தவர்தான். ஆகவே தேதிகள், பெயர்கள் விஷயத்தில் பதிவானவற்றை மட்டும் சொல்கிறேன். வாசிப்பைப் பற்றிச் சொல்வது என் காதும் விரலும் சொன்னவை. அதில் நீங்கள் தாராளமாக மாறுபடலாம்.

ஹாரியட் 1928 ஜூலை 15ஆம் தேதி ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தார். வளர்ந்தது கத்தோலிக்கக் கன்னியர்கள் நடத்திய ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூலில். ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் கைமீறிப்போன பிள்ளைகளுக்குமான இல்லம் அது. அங்கே தச்சு, அச்சு வேலை போல பேண்டு வாத்தியமும் ஒரு கைத்தொழில். அந்த ஒரு பள்ளியிலிருந்து வெளிவந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். டிரம்பெட்டில் டிஸ்ஸி ரீஸ், டெனர் சாக்ஸபோனில் வில்டன் கேனேர், புல்லாங்குழலிலும் சாக்ஸபோனிலும் ஹெரால்ட் மெக்நேர். பின்னால் ஸ்கா என்ற ஜமைக்கா இசையை உருவாக்கிய டான் டிரம்மண்ட், டாமி மெக்கூக் எல்லாரும் அந்த வளாகத்தின் பிள்ளைகள்தான். ஹாரியட் கிளாரினெட்டில் தொடங்கி, பேரிடோன், டெனர் என்று மாறி மாறி வாசித்து, கடைசியில் ஆல்ட்டோவில் நிலைத்தார்.

1951இல் ஆஸ்ஸி டா கோஸ்டாவின் குழுவோடு இங்கிலாந்து வந்தவர் திரும்பிப் போகவில்லை. அவரை ஜமைக்காக்காரர் என்பதா, பிரிட்டிஷ்காரர் என்பதா என்று சிலர் தயங்குவது உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, காலனிகளில் பிறந்தவர்களும் பிரிட்டன்காரர்களும் ஒரே குடியுரிமையின் கீழ் வந்தவர்கள். ஜமைக்கா விடுதலை பெற்றது 1962இல்தான். சட்டம் அப்படிச் சொன்னாலும், அன்றைய லண்டனில் கறுப்பினத்தவருக்கு வாடகைக்கு அறை கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. அதையும் சேர்த்தே அவர் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். இசையைப் பொறுத்தவரை அவர் பிரிட்டிஷ் ஜாஸின் ஆள். முக்கியமான எல்லாவற்றையும் அங்கேதான், அங்கிருந்த கலைஞர்களோடுதான் செய்தார்.

அந்தக் காலத்து லண்டன் ஜாஸ்காரர்களின் நிலைமை விசித்திரமானது. இசைக்கலைஞர் சங்கங்களுக்கு இடையிலான தகராறால் 1930களின் நடுவிலிருந்து 1950களின் நடுவரை அமெரிக்கக் குழுக்கள் பிரிட்டனில் வந்து வாசிக்க முடியாமல் இருந்தது. அமெரிக்கரான சார்லி பார்க்கர் உலகத்து ஆல்ட்டோக்காரர்கள் எல்லாருக்கும் குருவாகிவிட்டார், ஆனால் பிரிட்டனில் ஒரு மேடையில்கூட வாசிக்கவில்லை. இசைத்தட்டை ஓடவிட்டு, ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒரு வரியைப் பத்து முறை கேட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. ஹாரியட்டும் அப்படி வந்தவர்தான். 1950களில் டோனி கின்ஸி, ரோனி ஸ்காட் போன்றவர்களின் குழுக்களில் வாசித்தார். பார்க்கரின் பாணியைக் கரைத்துக் குடித்தவர் என்பது கேட்ட உடனே தெரியும். ஆனால் அவர் தொனி பார்க்கரைவிடக் கூர்மையானது. மேல் ஸ்தாயியில் வாசிக்கும்போது ஒரு கதறல் வரும். கீழுதட்டை ரீடின் (ஊதும்போது அதிரும் நாணல் பட்டையின்) மீது எவ்வளவு அழுத்துகிறோம் என்பதில் இருக்கிறது அந்தச் சத்தம். கொஞ்சம் கூடினால் கிறீச்சிடும், குறைந்தால் மழுங்கிப்போகும். ஹாரியட் அந்த விளிம்பிலேயே நின்று வாசித்தவர்.

1950களின் இறுதியில் நுரையீரல் நோயால் நீண்ட நாள் மருத்துவமனையில் கிடந்தார். தனக்கான இசை என்ன என்பதை அந்தப் படுக்கையில்தான் யோசித்து முடித்தார் என்று அவரைச் சுற்றியிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெளியே வந்ததும் தன் ஐவர் குழுவிடம் அதைச் சொன்னபோது பியானோ வாசித்த ஹாரி சவுத்தும் டிரம்பெட் வாசித்த ஹாங்க் ஷாவும் விலகிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஹாரியட் கேட்டது அவ்வளவு பெரிய விஷயம்.

என்ன கேட்டார்? ஜாஸ் பழக்கமில்லாதவர்களுக்காக நம் கச்சேரியை வைத்துச் சொல்கிறேன். பெபாப் என்ற பாணியில், முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டை வாசிப்பார்கள். அப்புறம் அந்தப் பாட்டின் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரிசை, தாளச் சுற்று போலத் திரும்பத் திரும்ப ஓடும். அதன் மேல் ஒருவர் மாற்றி ஒருவர் தனியாகக் கற்பனை செய்து வாசிப்பார்கள். பாஸும் டிரம்ஸும் பக்கவாத்தியமாகச் சுற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியில் மீண்டும் பாட்டு. ஹாரியட் இந்த ஏற்பாட்டையே கலைத்தார். மாறாத தாளம், நிலையான வேகம், கார்டு வரிசை, பாட்டின் அளவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றையாவது ஒவ்வொரு உருப்படியிலும் வைத்துக்கொள்வோம், மற்ற எதையும் தேவைப்பட்டால் விட்டுவிடுவோம் என்பது அவரே சொன்ன விளக்கம். ஒரு கச்சேரியில் மிருதங்கக்காரர் நடுவில் தாளத்தை விட்டுவிட்டு மௌனமாகலாம், வயலின்காரர் பாடகர் முடிக்கும் முன்பே வேறு திசையில் போகலாம், யார் முக்கியம் யார் துணை என்பதே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாரும் சேர்ந்து ஒன்றைத்தான் கட்டுகிறார்கள். தறிகெட்டு வாசிப்பது இதில் சேராது. ஒவ்வொரு நொடியும் மற்ற நால்வரையும் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் இது நடக்கும்.

அதனால்தான் அந்த நால்வர் யார் என்பது முக்கியமாகிறது. டிரம்பெட், ஃபுளூகல்ஹார்னில் செயின்ட் வின்சென்ட் தீவுக்காரர் ஷேக் கீன். கவிதைப் பைத்தியம் என்பதால் ஷேக்ஸ்பியர் என்று நண்பர்கள் வைத்த பெயர் சுருங்கி ஷேக் ஆனது. அவரே நல்ல கவிஞரும்கூட. பியானோவில் எடின்பரோவிலிருந்து வந்த பாட் ஸ்மைத், சட்டம் படித்தவர். டிரம்ஸில் ஃபில் சீமன், பிரிட்டனின் மிகச் சிறந்த டிரம்மர்களில் ஒருவர், ராக் டிரம்மர் ஜிஞ்சர் பேக்கருக்குக் கற்றுக்கொடுத்தவர். போதைப் பழக்கத்தால் சீரழிந்து 1972இல் 46 வயதில் போய்ச் சேர்ந்தார். பாஸில் கோல்ரிட்ஜ் குட். இவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1914இல் கிங்ஸ்டனில் பிறந்து, கிளாஸ்கோவில் பொறியியல் படிக்கப் போய், பாஸ் வாசிக்கத் திரும்பியவர். 1946இல் லண்டனில் கிதார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட் பதிவு செய்தபோது பாஸ் வாசித்தவர் இவர்தான். ஹாரியட்டைவிட 14 வயது மூத்தவர், பெபாப்புக்கு முந்தைய ஸ்விங் காலத்து ஆள். அவர் நினைத்திருந்தால் "இதெல்லாம் என்னப்பா" என்று ஒதுங்கியிருக்கலாம். அந்தக் குழுவின் நங்கூரமாக நின்றவர் அவர். 2015இல், நூறு வயதைத் தாண்டிய பிறகு இறந்தார். இந்தக் குழுவின் கதை நமக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைத்ததற்கு அவர் நினைவாற்றலும் ஒரு காரணம்.

சரி, கோல்மன் விஷயத்துக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. கோல்மனின் முதல் பதிவு 1958இல். அவர் பெயரைப் பரப்பிய தட்டு 1959இல் பதிவாகி அந்த ஆண்டின் இறுதிக்குள் வெளிவந்துவிட்டது. 1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசித்து ஊரையே இரண்டாக்கினார். ஹாரியட்டின் 'ஃப்ரீ ஃபார்ம்' 1960 நவம்பரில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஆகவே 'கோல்மனுக்கு முன்னோடி' என்பது, பதிவான தேதிகளைப் பார்த்தால், நிற்காது. ஆனால் எட்டுப் பேரை வைத்துக் கூட்டாகக் கற்பனை செய்த கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' பதிவானது 1960 டிசம்பர் 21ஆம் தேதி. கூட்டுக் கற்பனை என்ற அந்த ஒரு விஷயத்தில் ஹாரியட் சில வாரங்கள் முந்திக்கொண்டார், அதுவும் இங்கிலாந்தில் இருந்துகொண்டு தனியாக. இதுவும் தேதி சொல்லும் உண்மைதான்.

சந்தேகத்துக்கு இடமானது என்ன என்றால், மருத்துவமனைப் படுக்கையில் அவர் மனத்தில் ஓடியதில் அமெரிக்கச் செய்தியின் பங்கு எவ்வளவு என்பது. 1950களின் நடுவிலேயே அவருக்கு இந்த யோசனைகள் இருந்தன என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அவையெல்லாம் பின்னாளில் நினைவிலிருந்து சொன்னவை. அந்தக் காலத்திய பதிவில் அதற்குச் சான்றாகக் காட்ட எதுவும் இல்லை. நினைவை நான் பொய் என்று சொல்லவில்லை, தேதியிட்ட தட்டின் எடை அதற்குக் கிடையாது என்றுதான் சொல்கிறேன். 'நகல்' என்பவர்களும் 'முன்னோடி' என்பவர்களும் காலண்டரை வைத்துச் சண்டை போடுகிறார்கள். எனக்கு அது பெரிய சான்றாகப் படவில்லை. வாசிப்பைக் கேட்டால் இருவரும் வேறு வேறு இசையைத் தேடியவர்கள் என்பது தெரிந்துவிடும்.

அது எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், 'ஃப்ரீ ஃபார்ம்' தட்டிலிருந்து ஒரு நிமிடத்தை எடுத்து, ஹாரியட் வாசிப்பதை மட்டும் காகிதத்தில் ஸ்வரமாக எழுதப் பார்த்தேன். இரண்டு மூன்று ராத்திரி ஆனது. எழுதியதை ஸ்டாண்டில் வைத்து நானே வாசித்தேன். ஒன்றுமே இல்லை. மூன்று ஸ்வரம், ஓர் இடைவெளி, ஒரு நீண்ட ஒலி, மறுபடி இடைவெளி. யாரோ தொலைபேசியில் பேசுவதை இந்தப் பக்கமிருந்து மட்டும் கேட்பது போல. தப்பாக எழுதிவிட்டேனோ என்று திரும்பவும் தட்டைப் போட்டேன். எழுதியது சரிதான். நான் விட்டது ஷேக் கீனை. அந்த இடைவெளிகளில்தான் டிரம்பெட் பேசுகிறது. டிரம்பெட் பேசியதற்குப் பதில்தான் அந்த நீண்ட ஒலி. குட்டின் பாஸ் கீழே ஒரு அடி நகர்ந்ததும் பியானோ வெளிச்சம் மாறியது போல வேறு கார்டுக்குப் போகிறது. ஐந்து வரிகளையும் ஒன்றாக எழுதினால்தான் அது இசை. அப்புறம் கோல்மனின் 'லோன்லி வுமன்' மெட்டை எடுத்தேன். அதைத் தனியாக, துணையே இல்லாமல், சமையலறையில் முணுமுணுத்தாலும் அழகாக இருக்கிறது. கோல்மன் கார்டுகளை உதறினார், ஆனால் அவர் பாடகர். பாஸும் டிரம்ஸும் பெரும்பாலும் நடையை விடாமல் பின்னாலேயே ஓடும், மேலே அவர் பாடிக்கொண்டு போவார். ஹாரியட் தனிப்பாடகர் என்ற இடத்தையே காலி செய்துவிட்டார். தன் பெயரில் குழுவை வைத்துக்கொண்டு, தன் வரியைத் தனியாக எடுத்தால் அர்த்தமே வராத இசையைச் செய்தவரை 'நகல்' என்று நான் எப்படிச் சொல்வது?

அந்த இசைக்கு வரவேற்பு இல்லாமல் போகவில்லை. 1961, 1962இல் பதிவாகி 1963இல் வெளிவந்த 'ஆப்ஸ்ட்ராக்ட்' தட்டுக்கு அமெரிக்காவின் ஜாஸ் இதழான டவுன் பீட்டில் ஹார்வி பீக்கார் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். பிரிட்டிஷ் ஜாஸ் தட்டு ஒன்றுக்கு அங்கே அது கிடைத்தது முதல் முறை என்பார்கள். ஆனால் நட்சத்திரம் வாடகை கட்டாது. லண்டனின் கிளப்புகளில் அதே குழு வழக்கமான பெபாப் உருப்படிகளையும் வாசித்தது, நடுநடுவே இந்தப் புதிய இசையையும் வைத்தது. அடுத்து வந்த 'மூவ்மெண்ட்' தட்டிலும் இரண்டும் கலந்தே இருக்கும். 1964இல் வந்த 'ஹை ஸ்பிரிட்ஸ்' ஒரு மேடை நாடகத்தின் பாட்டுகளை ஜாஸாக வாசித்த தட்டு. பிழைப்பு என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

1965இல் ஷேக் கீன் ஜெர்மனிக்குப் போனார். குர்ட் எடல்ஹாகனின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் நிலையான வேலை. சீமன் 1961லேயே போய்விட்டார், அவர் இடத்துக்கு பாபி ஓர் வந்திருந்தார். குழு அதைத் தாங்கியது. கீன் போனதைத் தாங்கவில்லை, குழு கலைந்தது. ஹாரியட்டின் வாழ்க்கையில் எல்லாவற்றையும்விட முக்கியமான தேதி இது என்பது என் கருத்து. வரலாற்றுக் குறிப்புகளில் இது ஒரு வரியில் போய்விடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். சாதாரண பெபாப் சாக்ஸபோன்காரர் என்றால் குழு கலைந்தாலும் வண்டி ஓடும். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே இருக்கும் பியானோ, பாஸ், டிரம்ஸ்காரர்களிடம் பாட்டின் பெயரையும் ஸ்ருதியையும் சொன்னால் போதும், ஐந்து நிமிடத்தில் கச்சேரி தொடங்கிவிடும். ஹாரியட்டின் இசையை அப்படி வாசிக்க முடியாது. அது அந்த ஐந்து பேர் ஒன்றாக வருடக்கணக்கில் வாசித்து வளர்த்த காது. அது கலைந்ததும் அவரிடம் மிஞ்சியது அவருடைய ஆல்ட்டோ மட்டும். பின்னாளில் அவர் ஊர் ஊராகப் போய் உள்ளூர்க் குழுக்களோடு வாசித்தது பழைய பாட்டுகளையும் பெபாப்பையும்தான்.

நீங்கள் தேடி வந்த இந்திய விஷயம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. கல்கத்தாவில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்த ஜான் மேயர், லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படிக்க உதவித்தொகை பெற்று 1952இல் போனவர். லண்டன் ஃபில்ஹார்மோனிக், ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராக்களில் வயலின் வாசித்துக்கொண்டே, ராகங்களையும் மேற்கத்திய இசை எழுத்து முறையையும் இணைத்து எழுதிவந்தார். லான்ஸ்டவுன் ஸ்டுடியோவை நடத்திய தயாரிப்பாளர் டெனிஸ் பிரெஸ்டனுக்கு ஒரு தட்டை நிரப்பச் சின்ன உருப்படி ஒன்று தேவைப்பட்டதாம். "இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக எழுதி மறுநாள் கொடுத்தாராம் மேயர். அதை அட்லாண்டிக் நிறுவனத்தின் அகமது எர்டகன் கேட்டுவிட்டு, இந்திய இசையையும் ஜாஸையும் சேர்த்து ஒரு தட்டு செய்யலாமே என்றாராம். இது மேயர் சொல்லிவந்த கதை, அதனால்தான் இத்தனை 'ஆம்' போடுகிறேன். நடந்தது உறுதி: 1965 அக்டோபரில் 'இண்டோ ஜாஸ் சூட்' பதிவானது. ஒரு பக்கம் ஹாரியட்டின் ஜாஸ் ஐவர், இன்னொரு பக்கம் திவான் மோதிஹாரின் சிதார், கேசவ் சாதேயின் தபேலா, தம்பூரா, புல்லாங்குழல், மேயரின் வயலின். பத்துப் பேர். அதன் பிறகு 'இண்டோ ஜாஸ் ஃப்யூஷன்ஸ்' என்ற பெயரில் 1967, 1968இல் இரண்டு தட்டுகள் வந்தன. அவற்றில் உள்ள 'அக்கா ராகா' பிபிசியின் வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றுக்குத் தொடக்க இசையாகி, ஜாஸ் பக்கமே போகாத வீடுகளிலும் ஒலித்தது.

இந்திய இசையும் ஜாஸும் சந்தித்த முதல் இடம் இது என்று எழுதுகிறார்கள். அது மிகை. ரவிசங்கர் 1960களின் தொடக்கத்திலேயே பட் ஷாங்க் போன்ற ஜாஸ்காரர்களோடு பதிவு செய்துவிட்டார். ஆனால் இரண்டு குழுக்களைச் சரிசமமாக உட்காரவைத்து, தொடர்ந்து மேடையேறிய ஓர் அமைப்பு என்றால் மேயரும் ஹாரியட்டும் வைத்திருந்ததுதான் ஆரம்பகால முயற்சிகளில் பெரியது. நீங்கள் கேட்ட சக்தியின் முதல் தட்டு 1976இல்தான் வெளிவந்தது. நடுவில் ஒரு சுவையான கண்ணி உண்டு. 'இண்டோ ஜாஸ் சூட்' பதிவில் பாஸ் வாசித்தவர் ரிக் லெயர்ட். சக்திக்கு முன் ஜான் மெக்லாலின் நடத்திய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் பாஸ் வாசித்தவரும் அவரே. ஆனால் இதை வைத்து ஹாரியட்டிலிருந்து சக்தி பிறந்தது என்று கோடு போடக்கூடாது. சக்தியில் எல். சங்கரும் விக்கு விநாயக்ராமும் கொண்டுவந்த கர்நாடக இசையின் தாளக் கணக்கு மேயரின் இசையில் கிடையாது. அது இந்துஸ்தானி ராகங்களை மேற்கத்திய முறையில் எழுதிவைத்த இசை.

'இண்டோ ஜாஸ் சூட்' தட்டில் 'ராகா மேகா' என்று ஓர் உருப்படி. மேக் ராகத்தின் ஸ்வரங்கள் நம் மத்யமாவதியுடையவையேதான். என்னிடம் படித்த, நாதஸ்வரக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு பையனுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். ஹாரியட் வாசிக்கும் இடம் வந்ததும், "சார், ஸ்வரம் எல்லாம் சரியா இருக்கு, ஆனா ராகம் எங்க?" என்றான். சரியான கேள்வி. ஹாரியட் அந்த ஐந்து ஸ்வரங்களுக்குள் நின்று ஜாஸ்தான் வாசிக்கிறார். கமகம் இல்லை, பிடிகள் இல்லை. சாக்ஸபோனில் துளைகளைச் சாவிகள் மூடித் திறப்பதால் ஸ்வரங்கள் படிக்கட்டாகத்தான் வரும். அவற்றை வழுக்கி இணைப்பது உதட்டிலும் தொண்டையிலும் வருடக்கணக்கான வேலை. கத்ரி கோபால்நாத் அதைச் செய்து காட்டியதற்கு ஓர் ஆயுள் தேவைப்பட்டது, வாத்தியத்திலேயே மாற்றங்கள் தேவைப்பட்டன. அந்த அளவுகோலை ஹாரியட் மேல் வைப்பது நியாயமில்லை, அவர் அதைச் செய்வதாகச் சொல்லவும் இல்லை. எனக்கு உள்ள வருத்தம் வேறு. மேயரின் இசையில் யார் எப்போது வாசிப்பது, எத்தனை சுற்று என்பதெல்லாம் பெரும்பாலும் எழுதிவைத்தது. எல்லாச் சுவர்களையும் இடித்தவர், இங்கே தனக்கு ஒதுக்கிய அறைக்குள் நின்று வாசிக்கிறார். அழகாகத்தான் வாசிக்கிறார். ஆனால் வீடு மேயருடையது.

அதோடு ஒப்பிட்டால் 1969இல் வந்த 'ஹம் தோனோ' எனக்கு மிகவும் நெருக்கமான தட்டு. கோவா வேர் கொண்ட பம்பாய் கிதார் கலைஞர் அமான்சியோ டிசில்வாவோடு சேர்ந்து செய்தது. டிரம்பெட்டில் இயான் கார், குரலில் நார்மா வின்ஸ்டன். கிதாரும் ஆல்ட்டோவும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும் இடங்களில், இந்தியாவையும் ஜாஸையும் இணைக்க வேண்டும் என்ற பிரயாசையே தெரியாது. இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். ஹாரியட் மறுபடி ஒருவரோடு பேசுகிறார் என்று எனக்குத் தோன்றும் தட்டு அதுதான்.

அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது மூன்றரை வருடம். உடம்பு கெட்டது, வேலை குறைந்தது, கையில் பணம் இல்லை. கடைசியில் சவுத்தாம்ப்டனில் இருந்தார். 1973 ஜனவரி 2ஆம் தேதி புற்றுநோயில் இறந்தார். வறுமைக்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். 1960களின் பாதியில் ராக் இசை வந்து ஜாஸ் கிளப்புகளின் கூட்டத்தைக் கொண்டுபோனது உறுதியான காரணம், அது எல்லா ஜாஸ்காரர்களையும் அடித்தது. இனவெறி இருந்தது, அதுவும் உறுதி. ஆனால் அது மட்டுமே காரணம் என்று எழுதுபவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. கீனும் குட்டும் அதே நாட்டில் அதே தோலோடுதான் வாழ்ந்தார்கள், அவர்களுக்கு ஊன்றிக்கொள்ள வேறு வழிகளும் இருந்தன. ஹாரியட் பெருமிதக்காரர், வளைந்து கொடுக்காதவர் என்று சொல்லப்படும் கதைகளை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவரைப் பற்றிய கதைகள் வருடத்துக்கு வருடம் மெருகேறும். எனக்குக் கண்கூடாகத் தெரிவது, அவர் தன் சொத்து முழுவதையும் நால்வரோடு சேர்த்துப் போட்ட கூட்டுக் கணக்கில் வைத்திருந்தார் என்பது. கணக்கு மூடியபோது தனியாக எடுத்துக்கொண்டு போக எதுவும் இருக்கவில்லை. போதாததற்கு முக்கியமான தட்டுகள் பல ஆண்டுகள் அச்சிலேயே இல்லை. 1990களின் இறுதியில் சிடியாக வந்த பிறகுதான் அடுத்த தலைமுறை அவரைக் கேட்டது. அதே காலத்தில் சிகாகோவின் கென் வாண்டர்மார்க் அவருடைய உருப்படிகளை மட்டும் வைத்து ஒரு தட்டே செய்தார்.

அவர் கல்லறை சவுத்தாம்ப்டனின் பிட்டர்ன் பகுதியில் இருக்கிறது. பார்க்கரைப் பற்றிய பேச்சு வரும்போது அவர் சொல்லிவந்ததையே கல்லில் பொறித்திருக்கிறார்கள்: பார்க்கரா, இங்கேயும் சில துருப்புச் சீட்டுகளை இறக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற பொருளில்.

கடைசிக் கேள்வி, எங்கே தொடங்குவது? நேராக 'ஃப்ரீ ஃபார்ம்' போடாதீர்கள். ஜாஸ் புதிது என்றால் முதல் தடவை காது மூடிக்கொள்ளும். 'ஹம் தோனோ'வில் தொடங்குங்கள். அது பிடித்தால் 'இண்டோ ஜாஸ் சூட்', அதில் அவர் தொனி பழகிவிடும். அப்புறம் 'ஃப்ரீ ஃபார்ம்' தட்டில் 'கலிப்ஸோ ஸ்கெட்சஸ்'. கரீபியத் தாளத்தின் சாயல் இருப்பதால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும். அதன் பின் 'ஆப்ஸ்ட்ராக்ட்'. இந்த இரண்டு தட்டுகளையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் முறை சாக்ஸபோனைப் பின்தொடராமல் குட்டின் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். இரண்டாம் முறை டிரம்பெட்டை. ஆல்ட்டோவை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள், நான் ஸ்வரப்படுத்திய அந்த ஒரு நிமிடம் எந்த உருப்படியில் என்று சொல்கிறேன். சேர்ந்தே கேட்கலாம்.